பெயர் பெற்ற நாள்!

அச்சம் எவரோடும் கூடப் பிறப்பதன்று. பாலுக்கு அழும் குழந்தை பேய்க்கு அழுவதில்லை. புளிய மரத்திலே பேய் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பிறகே, அது புளிய மரத்தைக் கண்டு அலறுகிறது. ஆற்றங்கரையிலே முனி, கூரை மேலே ஆந்தை, குறுக்கே பூனை என்று அச்சத்துக்கென ஒரு பாடத் திட்டமே வகுத்து வைத்திருக்கிறது நம் நாடு. அந்தப் பாடத்தைப் படிக்காத பிள்ளை இல்லை. நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாடம் இருந்தது: நம்மைக் கண்டு நாமே அஞ்சும் பாடம்!

ஆம் தோழர்களே! நாம் ஒரு திருநங்கை. பதிவேடு நம்மை ஆண் என்றது. உள்ளம் பெண் என்றது. பதிவேட்டை எழுதியவர் ஒரு நொடி பார்த்து எழுதினார். உள்ளமோ நாள்தோறும் நம்மோடு இருந்து அறிந்தது. எனினும் ஊர் பதிவேட்டை நம்பிற்று, உள்ளத்தை ஐயுற்றது. பன்னிரண்டு வயதிலே, வீட்டில் எவருமில்லாத ஒரு பிற்பகலில் அக்காளின் தாவணியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றோம். மகிழ்ச்சி பொங்கிற்று. அடுத்த நொடியே அச்சம் வந்து அந்த மகிழ்ச்சியின் கழுத்தை நெரித்தது. தாவணியை மடித்து வைத்துவிட்டோம். மடித்த தாவணியைப் போலவே நம்மையும் மடித்து, மேலும் பத்தாண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்தோம்.

அந்தப் பெட்டியைப் பூட்டிய பூட்டுகள் எவை, அவை எப்படித் திறந்தன என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். அழுது காட்டி இரக்கம் தேடுவது நமது நோக்கமன்று. நம்மைப் போலவே இருட்டிலே நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு விளக்குத் திரியாவது கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம்.

முதற் பூட்டு, முற்பிறவி!

"போன பிறவியிலே செய்த வினை" என்றார் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர். போன வாரம் கடையில் வாங்கிய பருப்பின் கணக்கு அவருக்கு நினைவில்லை; போன பிறவியின் கணக்கு மட்டும் பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது! அந்தக் கணக்குப் புத்தகத்தை எவர் பார்த்தார்? எவர் தணிக்கை செய்தார்? கேட்கத் துணிவில்லாத வயதில் நாம் அதை நம்பினோம். தண்டனை பெற்றவர் என்றே நம்மை எண்ணிக்கொண்டோம்.

அந்தப் பூட்டைத் திறந்தது படிப்பு. நூலகத்திலே தொல்காப்பியத்துக்கு எழுதப்பட்ட உரையொன்றைப் புரட்டியபோது கண்டோம்: நம்மைப் போன்றோரைக் குறிக்கும் சொல்லுக்கு அந்த இலக்கணம் இடம் தந்திருந்தது. அதுவும் எங்கே? அஃறிணையில் அன்று, உயர்திணையில்! ஊர் நம்மை மாட்டோடும் மரத்தோடும் சேர்த்துப் பேசியது. ஊருக்கு மொழி தந்த இலக்கணமோ மக்களோடு சேர்த்து வைத்தது. பழைய நூல் என்பதற்காக அதைக் கும்பிடச் சொல்லவில்லை. நாம் புதிதாய் முளைத்த கேடல்லர், மனிதக் கூட்டத்தில் என்றும் இருந்தவர்கள் என்பதற்கு அது சான்று என்கிறோம். இன்றைய அறிவியலும் அதையே சொல்லிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், நமது நிலையை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிவிட்டது. வினையுமில்லை, நோயுமில்லை. இருந்ததெல்லாம் பிறர் ஊட்டிய வெட்கம்!

இரண்டாவது பூட்டு, தெரு. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அச்சம் யாவும் மடமை என்று மேடையிலே முழங்குவது எளிது. பேய்க்கு அஞ்சுவது மடமை. கல்லெறிபவனுக்கு அஞ்சுவது மடமையாகுமா? 1871ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வடபுல மாகாணங்களிலே நம்மைப் போன்றோரின் பெயர்களைக் காவல்துறைப் பதிவேட்டில் ஏற்றிற்று. பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடை உடுத்துப் பொதுவிடத்தில் தோன்றினாலே தண்டனை என்றது. சட்டமே கல்லெறிந்த காலம் அது! ஆட்சி போயிற்று, பழக்கம் போகவில்லை. எனவே நாம் அச்சத்தை இரண்டாகப் பிரித்தோம். காரணமுள்ள அச்சத்துக்கு ஏற்பாடு செய்தோம்: இரவில் தனியே செல்லாமை, துணைக்கு ஒரு தோழி, கையில் வழக்கறிஞரின் தொலைபேசி எண். காரணமற்ற அச்சத்துக்குக் கேள்வி கேட்டோம். கேள்வி கேட்டால் அது பதில் சொல்லாது, போய்விடும்!

"ஒன்பது" என்று கூவினார்கள். எட்டுக்கும் பத்துக்கும் இடையே நிற்கும் எண்ணை இழிசொல் ஆக்கிய அறிவை என்னென்பது! முதலில் அந்தச் சொல் காதில் விழுந்தால் கால் பின்னும். பிறகு ஒரு நாள், "ஆமாம் தம்பி, பத்தாவது யார், நீயா?" என்று திரும்பிக் கேட்டோம். கூவியவனின் கூட்டாளிகளே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நமது முதல் வெற்றி விழா அன்றே, அந்தத் தேநீர்க் கடை வாசலிலேயே நடந்தது. செலவு, ஒரு கோப்பைத் தேநீர்.

மூன்றாவது பூட்டு, உடல். மனநல மருத்துவர் நம்மோடு பல முறை பேசி ஆராய்ந்த பிறகு, ஊக்குநீர் மருத்துவம் தொடங்கிற்று. மருந்தை மந்திரம் என்று எண்ணலாகாது. அது தோலை மென்மையாக்கும். மார்பை மெல்ல மெல்ல, ஆண்டுக் கணக்கில் வளர்க்கும். முளைத்துவிட்ட தாடியை அது உதிர்க்காது, உடைந்துவிட்ட குரலை மாற்றாது. தாடிக்கு வேறு சிகிச்சை, குரலுக்குப் பயிற்சி. இவற்றை மருத்துவர் முன்கூட்டியே சொன்னார். அதனால்தான் மாதந்தோறும் கண்ணாடி முன் நின்று ஏமாறாமல் தப்பினோம். இரவிலே கதவைச் சாத்திக்கொண்டு செய்தித்தாளை உரக்கப் படித்துக் குரலைப் பழக்கினோம். தலையங்கம் படித்தே குரல் திருந்திய ஒருத்தி உண்டென்றால், அது நாமாகத்தான் இருப்போம்!

அந்த நாட்களிலே நகரப் பேருந்தில் ஏறினோம். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்தது. அதே ஆண்டில் திருநங்கையர்க்கும் அதை விரித்தது. நடத்துநர் வந்தார். நெஞ்சு படபடத்தது. உற்றுப் பார்ப்பாரோ, கேலி பேசுவாரோ, எல்லோர் முன்னும் கேட்டுவிடுவாரோ? அவர் எதுவும் கேட்கவில்லை. மகளிர்க்கான சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, "உள்ளே போம்மா, படியிலே நிக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். அவருக்கு அது ஆயிரத்தில் ஒரு சீட்டு. நமக்கு அது பட்டயம்! அந்தச் சீட்டை இன்றும் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறோம்.

பிறகு வந்தது பெயர். பெயரை மாற்றுவது பெற்றோரை அவமதிப்பது என்று உறவினர் கூறினர். இயக்க வரலாறு தெரிந்தவர்கள் நாம். இதற்கா மறுமொழி இல்லை! நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் பெற்றோரை அவமதித்தவர்களா? 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது. ஒருவர் தாம் எப்படி அழைக்கப்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்ற உரிமையை, இந்த மண்ணிலே தெருத்தெருவாய்ச் சொன்னது இந்த இயக்கம். அந்த உரிமையைத்தான் நாமும் எடுத்துக்கொண்டோம். அழகிய தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேர்ந்து, உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தோம். சில வாரங்கள் கழித்துத் தமிழ்நாடு அரசிதழில் வந்தது, ஒரு சிறு பத்தி. பழைய பெயர் மேலே, புதிய பெயர் கீழே. அலுவலகம் ஒன்றிலே அந்த இதழை நீட்டியபோது, எழுத்தர் ஒருவர் அதைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், மூன்று முறை திரும்பி வரச் சொன்னார். நான்காவது முறை சென்றபோது வேறொருவர் இருந்தார். பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். சட்டம் ஒன்றுதான், மனிதர் வேறு. ஆகவே சட்டம் வந்தால் போதும் என்போரும் தவறு, சட்டத்தால் பயனில்லை என்போரும் தவறு.

சட்டம் தந்த துணிவு சிறிதன்று. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டிலே திருநங்கையர்க்கென நல வாரியம் அமைந்தது. கலைஞர் பரப்பிய "திருநங்கை" என்ற சொல், ஊர் எறிந்த சொற்களையெல்லாம் ஓரம் தள்ளிற்று. 2014இல் அதே ஏப்ரல் 15ஆம் நாள், தம் பாலினம் எது என்பதைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை நம்மவர்க்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 2017இல் பிரித்திகா யாஷினி காவல்துறை உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். 2019இல் நர்த்தகி நடராஜ் பத்மசிறீ விருது பெற்றார். அந்தச் செய்திகளை நாம் கத்தரித்துச் சுவரிலே ஒட்டினோம். அச்சம் வந்த இரவுகளில் சுவரைப் பார்த்தோம்.

இனி, கடைசிப் பூட்டு. கத்தி!

நம்மை மகளாக ஏற்று, சோறிட்டு, தன் வீட்டிலே இடம் தந்தவர் ஒரு முதிய திருநங்கை. அவரை அம்மா என்றே அழைக்கிறோம். அவர் காலத்தில் மருத்துவமனை கதவு திறக்கவில்லை. தாயம்மா எனப்படும் பழக்கப்பட்ட கைகளால், மயக்க மருந்தின்றி, மாதாவின் படத்தின் முன்னே அறுப்பு நடந்தது. பிழைத்தவர் பிழைத்தார். அவரோடு சென்ற ஒருத்தி பிழைக்கவில்லை. பிழைத்தவர் நாற்பது நாள் கண்ணாடி பார்க்கலாகாது, தலை வாரலாகாது. நாற்பது முடிந்ததும் மஞ்சள் நீராட்டி, பாற்குடம் சுமந்து சென்று நீர்நிலையிலே ஊற்ற வேண்டும். ஊற்றாவிடில் மாதா சினம் கொள்வாள்!

நமக்கு அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி அறுவை நடந்தது. முந்தைய இரவு உறங்கவில்லை என்பது உண்மை. மயக்க மருந்து தரும் மருத்துவர் படுக்கையருகே வந்து, எவ்வளவு நேரமாகும், எப்போது விழிப்பு வரும், வலிக்கு என்ன தருவார்கள் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். சொல்லச் சொல்ல அச்சம் குறைந்தது. தெரியாததே அச்சம், தெரிந்தது வெறும் வலி.

சில நாட்கள் கழித்துச் செவிலியர் ஒருவர் வந்து, நம் கையில் ஒரு சிறு கண்ணாடியை வைத்தார். "புண்ணை நீங்களே பார்த்துச் சுத்தம் செய்யப் பழகணும்" என்றார். அருகிலே அம்மா. அவர் முகம் வெளிறிற்று. "வேண்டாம்மா, நாப்பது நாள் ஆகலையே!" என்று கையைப் பற்றினார். ஒருபுறம் மருத்துவம் பார் என்கிறது. மறுபுறம் மாதா பாராதே என்கிறாள். பார்க்காவிட்டால் சீழ் பிடித்தாலும் தெரியாது. "நீ பாத்த கண்ணாடியும் பாக்காத கண்ணாடியும் ஒரே ரசம் பூசினதுதானே அம்மா?" என்றோம். அவர் பேசவில்லை. கண்ணாடியைப் பார்த்தோம். பன்னிரண்டு வயதில் மூடிய கண்கள் அன்று மூடவில்லை.

அம்மாவை மூடநம்பிக்கைக்காரர் என்று இகழ எளிதில் வாய் திறந்துவிடும், தோழர்களே! எண்ணிப் பாருங்கள். மயக்க மருந்து இல்லாத அறையிலே, மருத்துவர் இல்லாத நள்ளிரவிலே, பெற்றவள் இல்லாத தனிமையிலே அவருக்கு இருந்தது அந்தப் படம் ஒன்றே. மருந்து வராத இடத்துக்கு மாதா வந்தாள். மருந்து வந்துவிட்டால் மாதா தானே விடைபெறுவாள். மடமையைப் பழிப்போர், மடமை எந்த வெற்றிடத்தில் குடியேறிற்று என்பதையும் பார்க்க வேண்டும். வெற்றிடத்தை நிரப்பாமல் குடியிருப்பதை விரட்டினால், அது அடுத்த தெருவில் குடியேறும்!

நாற்பதாம் நாள் நெருங்கிற்று. பால் ஊற்ற மாட்டோம் என்றோம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நன்றி கெட்டவள் ஆகிவிடுவோமோ என்ற அச்சம், கத்தியைக் காட்டிலும் கூர்மையாக இருந்தது. மூன்றாம் நாள் அவரிடம் சென்று அமர்ந்தோம். "விழா வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. விழா வேண்டும். கடலுக்கு அன்று, நமக்கு வேண்டும். இத்தனை பேர் கூடி, நான் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நீங்கள்தான் என் பெயரை எல்லோர் முன்னும் படிக்க வேண்டும்" என்றோம்.

அப்படியே நடந்தது. படிப்பகத்து மாடியிலே முப்பது பேர் கூடினர். ஐயர் இல்லை, நல்ல நேரம் இல்லை. மாலை ஐந்து மணி, எல்லோர்க்கும் வேலை முடியும் நேரம், அதுவே நல்ல நேரம். அம்மா அரசிதழைக் கையில் பிடித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் அவருக்கு. எனினும் பெயரைப் பிழையின்றிப் படித்தார். பிறகு பார்த்தால், மூலையிலே ஒரு பாற்குடம்! பழக்கத்தை விட முடியாமல் கொண்டுவந்துவிட்டார். அனைவரும் நம்மைப் பார்த்தனர். அம்மாவே குடத்தைத் தூக்கிச் சமையல்காரரிடம் கொடுத்தார். "பாயசத்துல ஊத்துப்பா. மாதா கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார். மாடி அதிரச் சிரித்தோம்.

நம்மைப் பெற்ற தாயும் வந்திருந்தார், பின் வரிசையிலே. புதிய பெயர் அவர் நாவில் வரவில்லை. போகும்போது நம் தலையைத் தடவி, "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டார். கண்ணு! அந்தச் சொல்லுக்கு ஆணுமில்லை, பெண்ணுமில்லை. தாய் தேர்ந்தெடுத்த அந்தச் சொல் அன்று போதுமானதாக இருந்தது. தந்தையின் கதவு இன்னும் திறக்கவில்லை. அது திறக்கும் வரை மகிழ்ச்சியை ஒத்தி வைப்பதாக இல்லை.

"சடங்கை ஒழித்தவர்களுக்கு விழா எதற்கு?" என்று பகுத்தறிவுத் தோழர் ஒருவரே கேட்டார். நல்ல கேள்வி. சுயமரியாதைத் திருமணத்தை நடத்திக் காட்டிய இயக்கம், மணத்தை ஒழிக்கவில்லை, மந்திரத்தை ஒழித்தது. புரியாத மொழியை நீக்கி, புரிகின்ற உறுதிமொழியை வைத்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அது சட்டமும் ஆயிற்று. மனிதர் கூடி மகிழ்வது மனிதர் இயல்பு. அதற்கு இடைத்தரகர் வேண்டியதில்லை என்பதே கொள்கை. நம்மவர் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவில் கூவாகத்தில் கூடுகிறார்கள். அரவான் பெயரால் இரவிலே தாலி, மறுநாள் தாலியறுப்பு, வெள்ளைச் சேலை, ஒப்பாரி! ஒரே நாளில் மனைவியும் கைம்பெண்ணும் ஆக்கும் கதையை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஆண்டெல்லாம் ஒளிந்திருந்தவர் அங்கே தலை நிமிர்ந்து நடக்கிறார் என்பதையும் மறுக்கவில்லை. அந்த நிமிர்வை எடுத்துக்கொண்டு, அந்த ஒப்பாரியை விட்டுவிட வேண்டும். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கையும் மணமகளே என்று தீர்ப்பளித்தது. அரவானுக்கு ஓரிரவு மனைவியாக இருக்கும் நிலை மாறி, விரும்பியவரோடு வாழ்நாள் முழுதும் இணைந்திருக்க வழி பிறந்தது. இதைக் கொண்டாடாமல் எதைக் கொண்டாடுவது?

இறுதியாக, இளைஞர்களே, உங்களிடம் ஒரு சொல். நீங்கள் சாதியைச் சாடுகிறீர்கள், சோதிடத்தைச் சாடுகிறீர்கள். ஆனால் மேடையேறி எதிரியை நோக்கி, "ஆண்மை இருந்தால் வா!" என்கிறீர்கள். திரையிலே நம்மவரைக் கேலி செய்தால் கை தட்டுகிறீர்கள். பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று தலைப்பிட்டே எழுதியவர் பெரியார். அந்த ஏட்டைப் படித்தவர் நாவிலே அந்த அறைகூவல் எப்படி வருகிறது? துணிவு என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அது எவர்க்கும் பொது. அதைச் சொல்லிப் பழகுங்கள்.

உங்கள் படிப்பகத்துக்கு நாளை ஒருவர் வரக்கூடும். வாசலிலேயே தயங்கி நிற்பார். உடை ஒன்றாகவும் குரல் வேறாகவும் இருக்கும். உற்றுப் பார்க்காதீர்கள், இரக்கமும் காட்டாதீர்கள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை அப்படியே திரும்பச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போடுங்கள். பல ஆண்டு அச்சத்தை ஒரு நொடியில் போக்கும் ஆற்றல் அந்த ஒரு செயலுக்கு உண்டு. நாம் அறிவோம்!